ஒன்பது ரொக்கம், பதின்மூன்று கடன்

வட இந்தியக் கடைவீதிகளில் புழங்கும் பழமொழி ஒன்று: 'நவ் நகத், ந தேரஹ் உதார்'. ரொக்கமாக ஒன்பது போதும், கடனாகப் பதின்மூன்று வேண்டாம் என்று அர்த்தம். பழமொழிகள் பொதுவாகக் கணக்கில் கறாராக இருப்பதில்லை. இது இருக்கிறது. பின்னால் வரப்போகும் பதின்மூன்றை இன்றைய ஒன்பதாக மதிப்பது என்றால் ஏறக்குறைய 31 சதவீதக் கழிவு. ஆனால் எத்தனை நாள் தவணைக்கு? ஒரு வாரமா, ஒரு வருஷமா? எந்த வட்டிக்கடைக்காரரும் முதலில் கேட்கும் அந்தக் கேள்விக்குப் பழமொழியில் பதில் இல்லை. மறதியால் விட்டுப்போனதாகத் தெரியவில்லை. இதை முதலில் சொன்ன வியாபாரிக்குக் காத்திருப்பது பெரிய கஷ்டமாக இருந்திருக்காது. கொடுத்தது திரும்பி வருமா என்பதுதான் அவர் கவலை.

தமிழில் வழங்கும் பழமொழி வேறு ரகம். 'ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை.' இங்கே ஏமாந்துபோகும் பயம் எதுவும் கிடையாது. சோறு வெந்தாகிவிட்டது. இலையில் விழுந்தாகிவிட்டது. யாரும் பிடுங்கிக்கொண்டு போகப் போவதில்லை. அரை மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்குக் கடைசி ஐந்து நிமிஷம்தான் தாங்கவில்லை. நாக்கைச் சுட்டுக்கொள்கிறார்.

ஒன்று நம்பிக்கையைப் பற்றியது, மற்றது சபலத்தைப் பற்றியது. தள்ளிப்போகும் லாபத்தை மனிதர்கள் ஏன் மட்டமாக மதிக்கிறார்கள் என்று ஆராயும் உளவியல் நிபுணர்களும் பொருளாதார நிபுணர்களும் பல பத்தாண்டுகளாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். எந்தப் பழமொழி யாருக்குப் பொருந்தும் என்பது வெறும் பண்டிதர் சர்ச்சை அல்ல. ஓர் ஏழைத் தாய் குழந்தைக்குத் தடுப்பூசி போடாமல் விட்டால் அவரைக் கண்டிப்பதா, பூட்டிக் கிடக்கும் சுகாதார நிலையத்தைத் திறப்பதா என்பது இந்த விடையைப் பொறுத்தது.

ஆய்வாளர்கள் அளக்கும் முறை எளிதானது. இன்று 100 ரூபாய் வேண்டுமா, ஒரு மாதம் கழித்து 110 வேண்டுமா? இன்று 100 வேண்டுமா, ஒரு மாதம் கழித்து 130 வேண்டுமா? இப்படியே தொகையையும் தவணையையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே போனால், எந்த இடத்தில் ஒருவர் 'சரி, காத்திருக்கிறேன்' என்று மனம் மாறுகிறார் என்பது தெரியும். அதிலிருந்து அவருடைய கழிவு விகிதம் கிடைத்துவிடும். இதே மாதிரி, நிச்சயமான 100 ரூபாயா, பாதி வாய்ப்புள்ள 250 ரூபாயா என்று கேட்டால் சந்தேகத்துக்கு அவர் எவ்வளவு கழிக்கிறார் என்று தெரியும். சும்மா உட்கார்ந்தால் 100, ஓர் இரும்புப் பிடியைப் பலம்கொண்ட மட்டும் அழுத்தினால் 200 என்றால் உழைப்புக்கு எவ்வளவு கழிக்கிறார் என்பதும் தெரியும். தாமதம், சந்தேகம், சிரமம் என்று மூன்று கழிவுகள். ஆடித் தள்ளுபடியில் கடைக்காரர் விலையைக் குறைப்பார். இங்கே மனசு எதிர்காலத்துக்கே விலை குறைத்துவிடுகிறது.

இந்தக் கழிவு சீரானது என்றுதான் புத்தகப் பொருளாதாரம் நம்பியது. பால் சாமுவேல்சன் 1937இல் எழுதிய கட்டுரையில் காணப்படும் கணக்குப்படி, ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் ஒரே விகிதத்தில் மதிப்பு குறையும். கூட்டுவட்டியைத் தலைகீழாகப் போட்ட மாதிரி. ஆனால் புறாக்கள் கூட அப்படி நடந்துகொள்ளவில்லை. ஜேம்ஸ் மஜூர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களுக்குத் தானியம் கொடுத்து நடத்திய பரிசோதனைகளிலிருந்து 1987இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். அதன்படி, கைக்கெட்டும் தூரத்தில் மதிப்பு சடசடவென்று சரிகிறது. தூரம் போகப் போகச் சரிவு மெதுவாகிறது. மனிதர்களும் அப்படித்தான். 30 நாள் கழித்து 100 ரூபாயா, 31 நாள் கழித்து 110 ரூபாயா என்றால் பெரும்பாலோர் யோசிக்காமல் 110 என்பார்கள். ஒரு நாளில் என்ன வந்துவிடப் போகிறது? அதே கேள்வியை இன்றைக்கா, நாளைக்கா என்று மாற்றிக் கேட்டால், அவர்களில் பலர் 100 ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆக்கப் பொறுத்தவரின் கதைதான். அதை மஜூர் புறாக்களை வைத்துக் கணக்காக எழுதினார், அவ்வளவே.

இதில் ஆய்வாளர்களைக் கவர்ந்த விஷயம், ஒரே ஆள் மறுபடி மறுபடி ஏறக்குறைய அதே பதிலைத் தருகிறார் என்பது. கிரிஸ் கர்பி என்ற உளவியலாளர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டு, ஐந்து வாரம் கழித்தும், ஒரு வருஷம் கழித்தும் திரும்பக் கேட்டார். முதல் முறைக்கும் அடுத்த முறைக்கும் இருந்த ஒட்டுறவு ஐந்து வாரத்தில் 0.77, ஒரு வருஷத்தில் 0.71. இரண்டு தடவையும் எல்லோரும் அதே வரிசையில் நின்றிருந்தால் அது 1 ஆக இருக்கும். சீட்டுக் குலுக்கினாற்போல் மாறியிருந்தால் பூஜ்யம். மனித மனத்தை அளக்கும் விஷயத்தில் 0.71 என்பது மிகவும் கௌரவமான எண். 2009இல் வெளியான இந்த ஆய்வுக்கு முன்னால், 1999இலேயே கர்பியும் சகாக்களும் ஹெராயினுக்கு அடிமையானவர்களின் கழிவு விகிதம் மற்றவர்களுடையதைப் போல இரண்டு மடங்கு இருப்பதைக் கண்டிருந்தார்கள்.

'குணம்' என்ற சொல் இப்படித்தான் உள்ளே நுழைந்தது. ஒருவருடைய பொறுமை அவருடைய உயரத்தைப் போல, கண் நிறத்தைப் போல, கூடவே வருவது என்ற எண்ணம் வலுப்பட்டது. அடுத்த படி சுலபம். ஏழைகள் கடன் வாங்குகிறார்கள், சேமிப்பதில்லை, குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறார்கள், மாத்திரையைப் பாதியில் விடுகிறார்கள். ஆகவே அவர்கள் குணமே அவசரக் குணம். இந்திய அரசு அலுவலகங்களின் பாஷையில் இதற்கு இன்னும் நாகரிகமான பெயர் இருக்கிறது: 'விழிப்புணர்வு இல்லாமை'. மருந்தும் நாகரிகமானதுதான். சுவரொட்டி, ஊர்வலம், கலைநிகழ்ச்சி.

ஆனால் குணம் என்று முத்திரை குத்துவதற்கு முன்னால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தாமதத்துக்கு அதிகம் கழிப்பவர் சந்தேகத்துக்கும் அதிகம் கழிப்பார் என்று எதிர்பார்க்கலாம். நடப்பது அப்படி இல்லை. இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவு பலவீனமானது. லெனார்ட் கிரீன், ஜோயல் மையர்சன் ஆகியோர் 1990களில் கண்ட ஒரு வினோதம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. தொகை பெரிதானால் தாமதத்துக்கான கழிவு குறைகிறது, சந்தேகத்துக்கான கழிவோ கூடுகிறது. பெரிய பணம் என்றால் ஜனங்கள் காத்திருக்கத் தயார், பந்தயம் கட்டத் தயாரில்லை. ஆக, 'பொறுமை' என்று ஒரே சொல்லால் குறிப்பிடுவது ஒரே சரக்கல்ல.

சம்பள நாளை வைத்து நடந்த ஒரு ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. லியாண்ட்ரோ கார்வால்யோ, ஸ்டீபன் மையர், ஸ்டெஃபனி வாங் மூவரும் 2016இல் வெளியிட்டது. அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களில் சிலரிடம் சம்பளத்துக்கு முன்பும், மற்றவர்களிடம் சம்பளத்துக்குப் பிறகும் கேள்விகள் கேட்கப்பட்டன. பணம் பற்றிய கேள்விகளில், சம்பளத்துக்கு முந்தைய ஆட்கள் அதிக அவசரக்காரர்களாகத் தெரிந்தார்கள். ஆனால் பணத்துக்குப் பதிலாக, ஒரு வேலையை இன்றே முடிப்பதா, தள்ளிப்போடுவதா என்று கேட்டபோது இரண்டு தரப்பாருக்கும் வித்தியாசமே இல்லை. அவர்கள் குணம் மாதக் கடைசியில் கெட்டுப்போகவில்லை, பர்ஸ்தான் காலி. பணத்தை வைத்துக் கேட்கும் கேள்வி பாதி நேரம் ஆளை அளப்பதில்லை, அவர் பையை அளக்கிறது.

இதற்கு எதிரான சாட்சியத்தையும் சொல்லிவிட வேண்டும். பாஸ்டனில் வருமான வரிக் கணக்குக் கொடுக்க இலவச உதவி தேடி வந்த ஏழைகளை மையரும் சார்ல்ஸ் ஸ்பிரெங்கரும் இரண்டு வருஷம் கேட்டுப் பார்த்தார்கள். மொத்தக் கூட்டத்தின் பொறுமை மாறவே இல்லை. தனித்தனி ஆட்களில் சிலர் மாறினார்கள். ஆனால் அவர்களுடைய வருமானமோ வேலையோ மாறியதால் அப்படி மாறினார்கள் என்று காட்ட முடியவில்லை. மனிதர்களிடம் நிலையான ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கேள்வி, அதற்கு எவ்வளவு பழி போடலாம் என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் கிடைத்த ஆகச் சிறந்த விடை ராஜஸ்தானத்தின் உதய்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஏரிகளும் அரண்மனைகளும் உள்ள உதய்பூர் அல்ல. ஆரவல்லி மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் ஆதிவாசிக் குக்கிராமங்களின் உதய்பூர். அபிஜித் பானர்ஜி, ஆங்கஸ் டீட்டன், எஸ்தர் டஃப்லோ மூவரும் (பிற்காலத்தில் மூவருக்குமே நோபல் பரிசு கிடைத்தது) 2000களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். அரசின் துணை சுகாதார நிலையங்களுக்கு வாரா வாரம் ஆளை அனுப்பிப் பார்த்ததில், திறந்திருக்க வேண்டிய நேரத்தில் அவை 56 சதவீதம் மூடியே கிடந்தன. அங்கே தடுப்பூசி இலவசம். ஆனால் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து போகும் தாய்க்குப் பூட்டு மட்டுமே தரிசனம் தருவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு. ஒரு நாள் கூலியும் போயிற்று.

குழந்தைக்குத் தடுப்பூசிப் பட்டியல் முழுவதும் முடிய, அந்தக் காலத்தில் ஐந்து தடவை போயாக வேண்டும். அந்தத் தாய் போடும் கணக்கைப் பார்க்கலாம். பலன் எப்போது? பல வருஷங்களுக்கு. அதுவும் கண்ணால் காண முடியாத பலன். வராத தட்டம்மையை யாராவது பார்த்திருக்கிறார்களா? நிச்சயமா? நிச்சயமில்லை, ஊசி போட்ட குழந்தைக்கும் வேறு ஏதாவது காய்ச்சல் வரத்தான் செய்யும். சிரமம்? இன்றைக்கே, முழுசாக. ஊசி போட்ட இரவு குழந்தை சிணுங்கி, உடம்பு சுட்டு, வீட்டில் யாரும் தூங்கப் போவதில்லை என்பது மட்டும் சர்வ நிச்சயம். ஆய்வுக்கூடத்தில் தனித்தனியாக அளக்கப்படும் மூன்று கழிவுகளும் ஒரே ஆளின் தலையில் ஒரே காலைப் பொழுதில் வந்து இறங்குகின்றன.

உதய்பூரில் பல காலமாக இயங்கும் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து பானர்ஜி, டஃப்லோ, ரேச்சல் க்ளெனர்ஸ்டர், துருவ கோத்தாரி ஆகியோர் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். மொத்தம் 134 கிராமங்கள். அவற்றில் 30 கிராமங்களில் மாதந்தோறும் குறித்த தேதியில் தடுப்பூசி முகாம். நர்ஸ் வந்தே ஆகவேண்டும், வந்ததற்குத் தேதி, நேரம் பதிந்த புகைப்படம் காட்டவேண்டும். இன்னொரு 30 கிராமங்களில் அதே முகாம், கூடவே ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு. ஐந்தும் முடித்தால் சாப்பாட்டுத் தட்டுகள். மீதி 74 கிராமங்கள் இருந்தபடியே விடப்பட்டன. பருப்பின் விலை அப்போது சுமார் 40 ரூபாய். அந்தப் பக்கத்தில் முக்கால் நாள் கூலி.

முடிவுகள் 2010இல் வெளியாகின. சும்மா விடப்பட்ட கிராமங்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 சதவீதம். முகாம் மட்டும் நடந்த கிராமங்களில் 18. முகாமும் பருப்பும் சேர்ந்த கிராமங்களில் 39.

வழக்கமாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் பருப்பைப் பற்றியே பேசுகிறார்கள். முதல் தாவலைக் கவனிப்பதில்லை. எந்தப் பரிசும் இல்லாமல், நர்ஸ் சொன்ன தேதிக்கு வந்தார் என்ற ஒரே காரணத்தால் 6 சதவீதம் 18 ஆயிற்று. மூன்று மடங்கு. ஊர்க்காரர்களின் பொறுமை ஒரு மாதத்தில் மூன்று மடங்கு வளர்ந்துவிட்டதா என்ன? குறைந்தது சந்தேகம். கதவு திறந்திருக்கும் என்று தெரிந்த பிறகு நடக்கும் தூரம் கூடக் குறைந்த மாதிரிதான். இது பதின்மூன்று கடனின் கதை. கொடுப்பவர் நாணயமானவர் என்று தெரிந்தால் ஒன்பது ரொக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது தாவல் மற்றப் பழமொழியின் கதை. பரிசில்லாத முகாம்களிலும் முதல் ஊசிகளுக்குத் தாய்மார்கள் கணிசமாக வரத்தான் செய்தார்கள். அப்படியானால் தடுப்பூசி மீது வெறுப்போ, மூடநம்பிக்கையோ பெரிய தடையாக இருந்திருக்க முடியாது. நான்காவது, ஐந்தாவது தவணைகளில்தான் கூட்டம் கரைந்தது. அடுத்த மாதம் போகலாம், அறுப்பு முடியட்டும், கல்யாணம் முடியட்டும். ஒரு கிலோ பருப்பு யாரையும் தடுப்பூசிக்கு மதம் மாற்றவில்லை. என்றைக்கோ வரும் கண்ணுக்குத் தெரியாத பலனோடு, இன்று மாலையே அடுப்பில் ஏறும் பலன் ஒன்றைக் கட்டிவைத்தது. அவ்வளவுதான் அதன் வேலை.

இது லஞ்சம் என்றார்கள் சிலர். தன் குழந்தையின் நன்மைக்குத் தாய்க்கே கூலி கொடுப்பதா என்று கேட்டார்கள். கணக்குப் பிள்ளை பதில் வைத்திருந்தார். பருப்பு கொடுத்த முகாம்களில் ஒரு குழந்தைக்கு முழுத் தடுப்பூசி போட ஆன செலவு 1,102 ரூபாய். கொடுக்காத முகாம்களில் 2,202. பத்துப் பேர் வந்தாலும் முப்பது பேர் வந்தாலும் நர்ஸின் சம்பளமும் ஜீப் செலவும் ஒன்றுதானே. பருப்பு கொடுத்தும் 61 சதவீதக் குழந்தைகள் முழுசாக ஊசி பெறவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

நம்பிக்கையையும் பொறுமையையும் பிரித்துக் காட்டிய இன்னொரு பரிசோதனை குழந்தைகளிடம் நடந்தது. மிட்டாய் பரிசோதனை பிரசித்தம்: வால்டர் மிஷல் ஸ்டான்ஃபோர்டில் நடத்தியது, இப்போது ஒரு மிட்டாய், காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாகப் படித்தார்கள் என்ற செய்தி உலகம் முழுக்கப் பெற்றோர்களைப் படுத்தியெடுத்தது. 2018இல் டைலர் வாட்ஸும் சகாக்களும் அதிகக் குழந்தைகளின் விவரங்களோடு அதைச் சரிபார்த்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது. அதைவிட அழகானது 2013இல் வெளியான செலஸ்ட் கிட் குழுவினரின் ஆய்வு. 28 குழந்தைகள். மிட்டாய்க்கு முன்னால் ஒரு சின்ன நாடகம். நல்ல கலர் பென்சில்கள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போனவர் பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் 'மன்னிக்கணும், தீர்ந்துபோச்சு' என்று வெறுங்கையோடு வந்து நின்றார். அதன் பிறகு மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிஷம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிஷம். பென்சில் வராத வீட்டில் மிட்டாய் மட்டும் எப்படி வரும்? பள்ளிக்கூடம் போகாத வயசிலேயே அந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தியாவில் பென்சில் கொண்டுவராதவர் பெரும்பாலும் அரசாங்கம்தான். 2005இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 15 நாளுக்குள் கூலி தரவேண்டும் என்றது. தவறினால் பாக்கித் தொகைக்கு நாளொன்றுக்கு 0.05 சதவீதம் நஷ்டஈடு என்று விதி வகுக்கப்பட்டது. காத்திருப்பின் விலையை அரசாங்கமே நிர்ணயித்த அரிய சந்தர்ப்பம் இது. மாதத்துக்கு ஒன்றரை வட்டி. கூலிக்காரர் அந்த நாட்களில் அரிசி வாங்கக் கைமாற்று வாங்கியிருந்தால் மூன்று வட்டி, ஐந்து வட்டி கொடுத்திருப்பார். கூலி தாமதமான இடங்களில் ஆட்கள் மெல்ல மெல்ல வேலை கேட்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று சுதா நாராயணனும் சகாக்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வேலைக்கு வரவில்லையே என்று அவர்களைச் சோம்பேறி என்று சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை.

எல்லாவற்றையும் நம்பிக்கையின்மை தலையில் கட்டிவிடவும் முடியாது. சென்னை கோயம்பேடு சந்தையில் வியாபாரிகள் காலையில் 1,000 ரூபாய் வாங்கி மாலையில் 1,050 திருப்பித் தரும் கடன் பல ஆய்வாளர்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. நாளுக்கு 5 சதவீதம். தினம் ஐந்தே ரூபாய் மிச்சம் பிடித்து, அந்த அளவுக்கு மறுநாள் கடனைக் குறைத்துக்கொண்டே வந்தால், மிச்சமாகும் வட்டியும் சேர்ந்து ஐம்பதாவது நாள் கடனே இருக்காது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெரியும். பிறகு ஆயுளுக்கும் தினம் 50 ரூபாய் லாபம். ஆனாலும் கடன் தொடர்கிறது. டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகியோர் கோயம்பேட்டிலும் பிலிப்பைன்ஸிலும் இப்படிப்பட்டவர்களின் கடனைத் தாங்களே அடைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஆறே வாரத்தில் பெரும்பாலோர் மறுபடி கடனில். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, ஒரு விசேஷத்துக்கு மொய் எழுத வேண்டி வந்தாலோ முதலில் போவது அந்த ஐந்து ரூபாய்தான். அதற்குமேல் சபலமும் கொஞ்சம் இருக்கலாம். இல்லை என்று அடித்துச் சொல்ல அந்த ஆய்வு இடம் தரவில்லை.

ஆனால் சபலம் உள்ளவர்களுக்குத் தங்கள் சபலம் தெரியாது என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. மைசூரில் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் ஊழியர்களிடம் சுப்ரீத் கௌர், மைக்கேல் கிரெமர், முல்லைநாதன் ஒரு வருஷத்துக்கு மேல் நடத்திய பரிசோதனை 2015இல் வெளியானது. எத்தனை பதிவுகளோ அத்தனைக்குக் கூலி. சம்பள நாள் நெருங்க நெருங்க வேலை வேகம் பிடித்தது. இதில் அதிசயமில்லை, எந்த ஆபீஸிலும் பார்க்கலாம். அதிசயம் அடுத்தது. ஊழியர்களுக்கு இன்னொரு ஒப்பந்தமும் முன்வைக்கப்பட்டது. காலையில் ஓர் இலக்கைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். எட்டினால் வழக்கமான கூலி, ஒரு பைசா கூடக் கிடையாது. எட்டாவிட்டால் கூலி பாதியாகக் குறையும். நஷ்டத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத ஒப்பந்தம். புத்தகப் பொருளாதாரப்படி புத்தியுள்ளவர் எவரும் தொடக்கூடாது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தடவைகளில் ஊழியர்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சம்பள நாள் நெருங்கும்போது மட்டும் வேகம் பிடித்தவர்கள்தான் அதை அதிகம் கேட்டு வாங்கினார்கள். வேலையும் கூடியது. மதியத்துக்கு மேல் தங்கள் கை எப்படித் தளரும் என்பதை அவர்கள் எந்த நிபுணரையும் விட நன்றாக அறிந்திருந்தார்கள்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு இந்தப் புத்திசாலித்தனம் தேவைப்படுவதில்லை. அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதத்தை பி.எஃப். கணக்கில் பிடித்துக்கொண்டுதான் கம்பெனி பாக்கியைக் கையில் கொடுக்கிறது. வரியை முன்கூட்டியே கழித்துக்கொள்கிறது. வீட்டுக் கடன் தவணை வங்கியிலிருந்து தானாகப் போய்விடுகிறது. குழந்தையின் தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே போன் வருகிறது. முப்பது வருஷம் கழித்துக் கணிசமான தொகையோடு ஓய்வு பெறும்போது, சிக்கனத்தைப் பற்றி வீட்டு வேலைக்கு வரும் பெண்மணிக்கு உபதேசம் செய்வதும் உண்டு. அவருடைய பொறுமையில் பெரும்பகுதி ஆபீஸின் கணக்குப் பிரிவுக்குச் சொந்தம் என்பது நினைவுக்கு வருவதில்லை. அந்தப் பெண்மணி சீட்டுக் கட்டுகிறார். மாதம் தவறினால் பத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள் என்ற பயம் அதில் இருக்கிறது. மைசூர் ஊழியர்கள் கேட்டு வாங்கிய ஒப்பந்தமும் கிட்டத்தட்ட அதுதான்.

உதய்பூருக்குப் பிறகு தடுப்பூசியில் நாடு வெகுதூரம் வந்துவிட்டது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி முழுத் தடுப்பூசி பெற்ற ஒரு வயதுக் குழந்தைகள் 2015-16இல் 62 சதவீதம், 2019-21இல் 76 சதவீதம். மிச்சமுள்ளவர்களை எட்ட ஹரியானாவில் மிகப் பெரிய பரிசோதனை ஒன்று நடந்தது. பானர்ஜியும் டஃப்லோவும் அதிலும் உண்டு. பருப்புக்குப் பதில் செல்போன் ரீசார்ஜ். சில இடங்களில் எல்லா ஊசிக்கும் ஒரே தொகை, சில இடங்களில் ஊசிக்கு ஊசி ஏறிக்கொண்டே போகும் தொகை. சில இடங்களில் நினைவூட்டும் எஸ்.எம்.எஸ். சில இடங்களில் ஊரிலேயே ஒருவருக்குச் செய்தி சொல்லும் பொறுப்பு. எல்லாவற்றையும் கலந்து 75 விதச் சேர்க்கைகள்.

செய்தி சொல்லும் ஆளைத் தேர்ந்தெடுத்த விதம்தான் ரசமானது. படித்தவரையோ பஞ்சாயத்துத் தலைவரையோ அதிகாரிகள் தேடிப் பிடிக்கவில்லை. ஊர்க்காரர்களிடமே கேட்டார்கள்: ஒரு திருவிழாவோ கூத்தோ வருகிறது என்றால், யார் காதில் போட்டால் ஊர் முழுக்கப் பரவும்? எல்லா ஊரிலும் அப்படி ஒரு ஆள் இருப்பார், எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

அந்த ஊர்வம்புக்காரர், எஸ்.எம்.எஸ்., ஏறிக்கொண்டே போகும் ரீசார்ஜ் மூன்றும் சேர்ந்த இடங்களில் தடுப்பூசிகளின் எண்ணிக்கை 44 சதவீதம் கூடியது. கடைசி ஊசிக்குப் பெரிய பரிசு என்றதும் ஆறப் பொறுக்காதவர்களும் பொறுத்தார்கள். செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் எது அதிக ஊசிகளைத் தந்தது என்று பார்த்தபோது முதலிடத்துக்கு வந்தது, ரீசார்ஜே இல்லாத சேர்க்கை: எஸ்.எம்.எஸ்., கூடவே வம்புக்காரர்.